கத்தரிக்கோலும் கடவுச்சீட்டும்: வசதி படைத்த மாணவர்கள் வெளிநாட்டுத் தனியார் தொழிற்பள்ளிகளை நாடுவது ஏன்?

2005ஆம் ஆண்டுக்கும் 2010ஆம் ஆண்டுக்கும் இடையில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன், சிட்னி நகரங்களில் சமையற்கலை, முடிதிருத்தம், விடுதி மேலாண்மை ஆகியவற்றைக் கற்பிக்கும் தனியார் தொழிற்பள்ளிகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. அவற்றின் வகுப்பறைகளை நிரப்பிய வெளிநாட்டினரில் மிகப் பெரிய பிரிவினர் இந்திய மாணவர்கள். பஞ்சாப், ஹரியானா, குஜராத், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நிலவுடைமைக் குடும்பங்களிலிருந்தும் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்திலிருந்தும் சென்றவர்களே அவர்களில் மிகுதி. சொந்த ஊரில் முடிதிருத்தும் கடையொன்றில் பிள்ளையை வேலைக்கு அனுப்பச் சொன்னால் அதைச் சாதி இழிவாகக் கருதக்கூடிய குடும்பங்கள், அதே தொழிலின் டிப்ளமாவுக்காக நிலத்தை அடகு வைத்துப் பல இலட்சம் ரூபாய் கட்டின.

இதை நகைமுரண் என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நாம் அவ்வாறு நகர விரும்பவில்லை. உயர்கல்வியில் 'தகுதி' குறித்தும் 'திறமை' குறித்தும் நமக்குப் பாடம் எடுக்கும் அதே பிரிவினர், எவ்விதத் தகுதித் தேர்வும் இல்லாத ஒரு வாசலைக் காசு கொடுத்துத் திறந்துகொண்ட வரலாறு இது. அந்த வாசலின் பொறியமைப்பு எவ்வாறு வேலை செய்தது, அதன் சாவி யாரிடம் இருந்தது, தலித் மாணவர்களுக்கு அது ஏன் எட்டவில்லை என்பனவற்றைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே நாம் பேசுவது ஹார்வர்டு, ஆக்ஸ்போர்டு போன்ற பல்கலைக்கழகங்களைப் பற்றியன்று. ஓராண்டு அல்லது ஈராண்டுச் சான்றிதழ், டிப்ளமா வழங்கும் தனியார் நிறுவனங்களைப் பற்றி. நம் ஊர்த் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் இடைப்பட்ட நிலையில் வைக்கத்தக்கவை அவை. உள்நாட்டில் ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்கும் வீடுகள், வெளிநாட்டு ஐ.டி.ஐ.க்குப் பிள்ளையை அனுப்பியது ஏன் என்பதே கேள்வி.

படிப்பின் பெயரில் குடியேற்றம்

ஆஸ்திரேலியாவில் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்கள், நாட்டைவிட்டு வெளியேறாமலே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற வழி 2001இல் திறக்கப்பட்டது. விண்ணப்பதாரரின் வயது, மொழியறிவு, கல்வி, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் தரும் முறை அங்கே உண்டு. அரசு 'தேவை மிகுந்த தொழில்கள்' என்றொரு பட்டியலை வைத்திருந்தது. அப்பட்டியலில் உள்ள தொழிலைக் கற்றவருக்குக் கூடுதலாக 15 புள்ளிகள் கிடைக்கும். 2005ஆம் ஆண்டளவில் சமையற்காரர், முடிதிருத்துநர் ஆகிய தொழில்களும் அதில் சேர்ந்தன. அவ்வளவுதான். ஒரு பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கைக் கட்டி, இரண்டு கல்வியாண்டுகள் சமையல் படித்தால் வசிப்புரிமைக்கான புள்ளிக்கணக்கு ஏறத்தாழ நிறைவடைந்துவிடும் என்பதைச் சேர்க்கை முகவர்கள் உடனே கண்டுகொண்டனர். ஜலந்தரிலும் லூதியானாவிலும் அவர்களின் விளம்பரப் பலகைகள் விற்றது படிப்பை அன்று, 'பி.ஆர்.' என்ற இரண்டு எழுத்துகளை.

தொழில் அனுபவம் என்ற பெயரில் 900 மணிநேர வேலைச் சான்று வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இந்நிபந்தனை இருமுனைக் கத்தியாயிற்று. சில உணவகங்கள் அந்த 900 மணிநேரத்தையும் ஊதியமின்றி உறிஞ்சிக்கொண்டன. வேறு சில இடங்களில் வேலையே செய்யாமல் சான்றிதழ் மட்டும் விலைக்குக் கிடைத்தது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வாளர் பாப் பிரெல் இந்தச் சமையல்–குடியேற்றப் பிணைப்பைக் குறித்துத் தொடர்ந்து எழுதினார். 2007–08ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா வழங்கிய ஏறத்தாழ 41,000 பொதுத் திறன் விசாக்களில் 5,000க்கும் மேற்பட்டவை சமையற்காரர்களுக்கும் முடிதிருத்துநர்களுக்கும் சென்றதாக அந்நாட்டுக் குடியேற்ற அமைச்சர் கிறிஸ் எவன்ஸ் பின்னர் தெரிவித்தார். 2009இல் ஆஸ்திரேலியக் கல்வி நிறுவனங்களில் இந்தியர்களின் சேர்க்கை 1,20,000 அளவுக்கு உயர்ந்திருந்தது. அதில் பெரும்பகுதி தொழிற்பயிற்சித் துறையில்.

அதே 2009 மே மாதத்தில் மெல்பர்னில் இந்திய மாணவர்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டனர். மே 31 அன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஃபிளிண்டர்ஸ் தெருவில் திரண்டு மறியல் செய்தனர். இந்தியத் தொலைக்காட்சிகள் இரவும் பகலும் இனவெறி குறித்து முழங்கின. முழங்க வேண்டியதுதான், அத்தாக்குதல்கள் கண்டனத்துக்குரியவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னர், மே 24 அன்று, ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் உள்ள ரவிதாசியர் கோயிலில் ஆயுதமேந்திய கும்பல் புகுந்து தாக்கியதில் தலித் சமயத் தலைவர் சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். அச்செய்தி கேட்டுப் பஞ்சாபின் தலித் மக்கள் தெருவில் இறங்கினர். ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்து உழைத்து, தமக்கென ஒரு வழிபாட்டு இடத்தைக் கட்டிய மக்களின் மீது நிகழ்ந்த சாதித் தாக்குதல் அது. ஒரே வாரத்தில் புலம்பெயர் இந்தியர் மீது இரண்டு வன்முறைகள். ஒன்று 'தேசத்தின் அவமானம்' ஆயிற்று. மற்றொன்று பஞ்சாபின் 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' ஆயிற்று.

ஆஸ்திரேலிய வாசல் விரைவில் சாத்தப்பட்டது. 2009இன் பிற்பகுதியில் தனியார் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாகிக் கதவடைத்தன. 2010 பிப்ரவரி 8 அன்று அமைச்சர் எவன்ஸ் தேவைத் தொழில் பட்டியலையே நீக்கினார். அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் சமையற்காரரும் இல்லை, முடிதிருத்துநரும் இல்லை. முகவர்கள் வேறு நாட்டைத் தேடினார்கள்.

கனடா கிடைத்தது. அங்கே தனியார் தொழிற்கல்லூரியில் படித்தவர்களுக்குப் பொதுவாகப் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி கிடையாது. அரசுக் கல்லூரியில் படித்தவருக்கு உண்டு. இதற்கு ஒன்ராறியோ மாகாணம் ஒரு குறுக்குவழி கண்டது. தொலைதூரச் சிறுநகரத்து அரசுக் கல்லூரி தன் பாடத்திட்டத்தையும் பெயரையும் டொராண்டோ புறநகரில் உள்ள தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து வழங்கும். மாணவர் அந்த அரசுக் கல்லூரியின் வளாகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் அதன் சான்றிதழைப் பெறுவார். பணி அனுமதியும் பெறுவார். இம்முறையை நிறுத்த வேண்டும் என்று 2017இல் மாகாண அரசுக்கே அறிக்கை அளிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் 2019இல் மீண்டும் பச்சைக்கொடி காட்டப்பட்டது. காரணம் எளிது. ஒன்ராறியோவின் தலைமைத் தணிக்கையாளர் 2021இல் அளித்த அறிக்கையின்படி, அம்மாகாண அரசுக் கல்லூரிகளின் மாணவர்களில் வெளிநாட்டினர் 30 விழுக்காடு. கட்டண வருவாயில் அவர்களின் பங்கோ 68 விழுக்காடு. அவ்வெளிநாட்டு மாணவர்களில் 62 விழுக்காட்டினர் இந்தியர். ஒரு மாகாணத்தின் கல்லூரிகளைப் பஞ்சாபின் வயல்கள் தாங்கிக்கொண்டிருந்தன என்றால் மிகையன்று. 2024 ஜனவரியில் கனடா அரசு மாணவர் விசாக்களுக்கு உச்சவரம்பு விதித்து, புதிய அனுமதிகளை 35 விழுக்காடு குறைத்தது. இந்த உரிமக் கூட்டு முறையில் சேர்பவர்களுக்குப் பணி அனுமதியும் நிறுத்தப்பட்டது.

உச்சியில் இருக்கும் செல்வந்தர்களின் கதை வேறு. அவர்களுக்கு வசிப்புரிமை தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் விடுதிப் பள்ளி 1893இல் தொடங்கப்பட்டது. அதன் வரிசையில் லெ ரோஷ், கிளியோன் போன்ற பள்ளிகள். வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு லோசான் பட்டப்படிப்பின் மொத்தச் செலவு ஒன்றரை இலட்சம் சுவிஸ் ஃபிராங்கைத் தாண்டும். மேசை விரிப்பதிலிருந்து கோப்பை கழுவுவது வரை அங்கே கற்றுத்தருகிறார்கள். விடுதி முதலாளியின் மகன் ஓராண்டு கோப்பை கழுவினால் அது 'அடிமட்ட அனுபவம்' என்று தற்குறிப்பில் ஏறும். அந்நாட்டின் சொந்தப் பிள்ளைகளில் மூன்றில் இரு பங்கினர் பள்ளி முடித்ததும் ஊதியத்துடன் கூடிய தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றனர். தொழில் கற்க அவர்கள் காசு கட்டுவதில்லை, காசு பெறுகின்றனர் என்பதையும் இங்கே குறித்து வைப்போம்.

சாவி யாரிடம்?

இந்தப் பயணத்துக்கு முதல் தேவை மதிப்பெண் அன்று, நிலம். கனடாவுக்கான கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 கனடிய டாலர் அளவில் கட்டணம். வாழ்க்கைச் செலவுக்கென முன்கூட்டியே காட்ட வேண்டிய தொகை 10,000 டாலராக இருந்து 2024 ஜனவரி முதல் 20,635 டாலர் ஆயிற்று. இவற்றுக்கு மேல் விமானக் கட்டணம், மொழித்தேர்வுப் பயிற்சி, முகவர் கூலி. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 இலட்சம் வரை பிணை தேவையில்லை, 7.5 இலட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் போதும். அதற்கு மேல் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு எதுவும் 7.5 இலட்சத்துக்குள் அடங்காது. ஆகவே கடன் என்பது சொத்து உள்ளவனுக்குச் சொத்தின்மீது தரப்படும் முன்பணமே.

அந்தச் சொத்து எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது? பஞ்சாபின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 32 விழுக்காடு. நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம். அம்மாநிலச் சாகுபடி நிலத்தில் அவர்களின் பங்கு நான்கு விழுக்காட்டைக்கூட எட்டாது. நாடு முழுவதையும் எடுத்தால் 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்களிடம் உள்ளது ஏறத்தாழ 8.6 விழுக்காடு. கல்விக்கடன் மறுக்கப்பட்டு நம்மிடம் சட்ட உதவி கேட்டு வரும் மாணவர்களின் கோப்புகளில் திரும்பத் திரும்பக் காண்பது ஒரே வரியைத்தான்: பிணை போதாது. சேர்க்கைக் கடிதம் இருக்கும், மதிப்பெண் இருக்கும்; வீடோ புறம்போக்கில் இருக்கும், அல்லது அரசு கொடுத்த, அடகு வைக்க இயலாத பட்டாவில் இருக்கும். சாதி என்ற சொல் அக்கோப்புகளில் எங்கும் வராது.

நிலத்துக்கு அடுத்தது, தேர்வு. இந்தியாவில் ஒரு நல்ல அரசுக் கல்லூரியில் சேர நுழைவுத்தேர்வு உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. ஒன்றிய அரசின் விடுதி மேலாண்மைப் பயிற்சி நிறுவனங்களில்கூடப் பொது நுழைவுத்தேர்வு நடத்தி, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்கள் வழங்கப்படுகின்றன. அங்கே இடம் கிடைக்காத வசதி படைத்தவர், 'இடஒதுக்கீட்டால் என் இடம் பறிபோயிற்று' என்று சொல்லிக்கொண்டே விமானம் ஏறுகிறார். அவர் சென்று சேரும் நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் ஓரளவு ஆங்கிலமும் போதும். அங்கே அவரைத் தேர்ந்தெடுத்தது எந்தத் திறமை? இக்கேள்வியை இடஒதுக்கீடு எதிர்ப்பாளரிடம் கேட்கும் பழக்கத்தை நம் கல்லூரித் தோழர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காரணமே நாம் அழுத்திப் பேச வேண்டியது. உழைப்பை இழிவென்று கருதும் கண்கள் அங்கே இல்லை என்பதே அது. அல்லது, அக்கண்கள் தொலைவில் உள்ளன. பிராம்ப்டனில் லாரி ஓட்டுவதையும், மெல்பர்னில் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுவதையும், உணவகத்தில் பாத்திரம் கழுவுவதையும் ஊரில் எவரும் பார்ப்பதில்லை. ஊருக்கு வருவது பணமும் புதிய காரின் முன்னால் எடுத்த புகைப்படமும். தொழில் அதேதான், அதற்கு அங்கே சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் உண்டு, மணிக்கணக்கு உண்டு, உரிமம் உண்டு, பிறப்போடு அதற்குத் தொடர்பில்லை. இழிவு தொழிலில் இல்லை, அதைச் சாதியோடு பிணைத்த அமைப்பில்தான் இருக்கிறது என்று அம்பேத்கரும் பெரியாரும் சொன்னதை, ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் ஆண்டுக்குப் பல இலட்சம் கட்டணம் செலுத்தி நிரூபித்துக்கொண்டிருக்கின்றன.

முடிதிருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அத்தொழிலைச் செய்யும் சமூகம் பட்டியல் சாதி அன்று. ஆயினும் ஊருக்கு ஊழியம் செய்யும் சாதியாக ஒடுக்கப்பட்டது. அச்சமூகத்தினர் தலித்துகளுக்கு முடி வெட்டக்கூடாது என்று ஊர் ஆதிக்கச் சாதியினர் தடை விதிப்பதும், மீறினால் கடையை மூட வைப்பதும் இன்றும் நம் முன் வழக்குகளாக வருகின்றன. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகளில் நுழையும் உரிமையை உறுதி செய்கிறது. அதிலுள்ள 'கடை' என்ற சொல் கட்டணம் பெற்றுச் சேவை தருவோரையும் தழுவும் விரிந்த பொருளுடையது என அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பதைக் குற்றமாக்குகிறது. ஒரு கத்தரிக்கோலைச் சுற்றி இவ்வளவு சட்டம் தேவைப்படும் நாட்டில்தான், அக்கத்தரிக்கோல் கடல் கடந்ததும் குடியுரிமைக்குப் படிக்கட்டாகிறது.

கடல் கடந்ததும் சாதி உதிர்ந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. அறை வாடகைக்குக் கேட்கும்போதும் திருமணப் பேச்சின்போதும் குடும்பப்பெயர் விசாரிக்கப்படுகிறது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2023 அக்டோபரில் சாதிப் பாகுபாடு குறித்துத் தனியே ஒரு கொள்கை நிலைப்பாட்டை வெளியிட வேண்டியிருந்தது. அதற்கு முன்னரே, அதே ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியிருந்தது. தன் மீதான இழிவை விமான நிலையத்தில் கழற்றிவைத்தவர்கள், மற்றவர் மீதான இழிவை மட்டும் பெட்டியில் மடித்து எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

நமக்கு வைத்திருப்பது என்ன?

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954–55 முதல் நடப்பில் உள்ளது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதில் உள்ள இடங்கள் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125. அவற்றில் பட்டியல் சாதியினருக்கு 115. முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். சேரும் நிறுவனம் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் 8 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். 2022 முதல் இந்தியச் சமூகம், பண்பாடு, வரலாறு ஆகியவை குறித்த ஆய்வுகளுக்கு அது மறுக்கப்படுகிறது. சாதியைப் பற்றி அயல்நாட்டில் ஆய்வு செய்ய அரசு பணம் தராது என்பதே அதன் நடைமுறைப் பொருள். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே தற்காலிக ஒப்புதல் கடிதம் தரப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதையும், 2021–22இல் மட்டும் கல்விக்கென இந்தியர்கள் இவ்வழியில் அனுப்பியது 500 கோடி டாலரைத் தாண்டியது என்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 36 இலட்சம் வரை வழங்குவது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். அதுவும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்குமே. விமானப் பராமரிப்பு, செவிலியம், கப்பல் பற்றவைப்பு, உணவுத் தொழில்நுட்பம் போன்றவற்றை அயல்நாட்டில் டிப்ளமா நிலையில் கற்க விரும்பும் தலித் மாணவருக்கு இவ்விரு திட்டங்களிலும் இடமில்லை.

தொழிற்கல்வி என்று வந்தால் அரசு நமக்கு நீட்டுவது வேறொன்று. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். முடிதிருத்தம், சலவை, செருப்புத் தைத்தல், மண்பாண்டம் ஆகியன அவற்றில் அடக்கம். 18 வயதிலேயே சேரலாம். ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, 15,000 ரூபாய்க்குக் கருவிகள், பிறகு கடன். குரு–சீடர் மரபையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவது திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆக, மெல்பர்னில் ஈராண்டுப் படிப்பாக இருக்கும் தொழில், இங்கே பிறந்த வீட்டின் அடையாளத்தோடு ஏழு நாளில் முடிந்துவிடுகிறது. கல்லூரி செல்ல வேண்டிய வயதில் பிள்ளையைக் குலத்தொழிலுக்குத் திருப்பும் இத்திட்டத்தை இப்போதைய வடிவில் ஏற்க முடியாதெனத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்குத் தெரிவித்தது. பின்னர் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கி, குடும்பவழித் தொழில் என்ற நிபந்தனையை விலக்கிக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்து, மறு ஆண்டே காமராசர் ஆட்சியில் அதைக் கைவிடச் செய்த மண்ணில் இந்த எதிர்ப்பு இயல்பானது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குலக்கல்வி எதிர்ப்பின் பெயரால் தொழிற்கல்வியையே ஒதுக்கிவிடும் மனப்போக்கு நம்மிடையே சிலரிடம் உண்டு. அம்பேத்கர் அவ்வாறு நினைக்கவில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது 1942இல் அவர் அளித்த கோரிக்கை மனு, பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கும் அயல்நாட்டுக் கல்விக்கும் தனித்தனியே அரசு நிதி கேட்டது. அதே காலத்தில் பெவின் பயிற்சித் திட்டத்தின் கீழ் இந்தியத் தொழிலாளர்கள் அரசுச் செலவில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டுத் தொழில்நுட்பம் கற்றனர். போர்க்காலக் காலனி அரசே செய்ய முடிந்த ஒன்றை, இன்றைய அரசு ஏன் பட்டியல் சாதி இளைஞர்களுக்குச் செய்ய இயலாது?

சென்ற மாணவர்களை ஏளனம் செய்வதும் நம் வேலையன்று. அவர்கள் எல்லோரும் பெருஞ்செல்வரும் அல்லர். இரண்டு ஏக்கரை அடகு வைத்துச் சென்றவன் பள்ளி மூடப்பட்டதும் நடுத்தெருவில் நின்றான். வாரத்துக்கு 20 மணிநேரமே வேலை செய்யலாம் என்ற விசா நிபந்தனையை மீறியதைச் சொல்லி மிரட்டியே பாதி ஊதியத்துக்கு வேலை வாங்கிய முதலாளிகளில் இந்தியரும் உண்டு. 2023இல், முகவர் கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதங்களால் பஞ்சாப் மாணவர்கள் பலர் கனடாவில் நாடுகடத்தலை எதிர்கொண்டனர். கந்துவட்டிக்குக் கடன் வாங்கி இவ்வழியில் சென்ற தலித் குடும்பங்களும் இருக்கின்றன. விழும்போது அவர்களைத் தாங்க நிலமோ உறவுப் பணமோ இல்லை என்பதால் அவர்கள் விழும் ஆழம் அதிகம்.

சட்டத் தளத்தில் இன்னொரு செய்தியைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு வழங்க வழிவகுக்கும் 15(5) உட்பிரிவு, 93ஆம் திருத்தத்தின் வழியே 2006இல் நடைமுறைக்கு வந்தது. 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழ்நாடு 2006இலேயே அதற்கெனச் சட்டம் இயற்றியது. ஒன்றிய அளவில் தனியார் நிறுவனங்களுக்கான அத்தகைய சட்டம் இன்றளவும் இல்லை. இதற்கிடையே வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கேயே வளாகம் அமைக்க அனுமதிக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள், சேர்க்கை முறையையும் கட்டணத்தையும் அந்நிறுவனங்களே முடிவு செய்துகொள்ள விட்டுவிட்டன. அவற்றை இடஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. இதுவரை விமானச் சீட்டு எடுத்துச் சென்று அடைந்த இடஒதுக்கீடற்ற வகுப்பறை, இனி குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும் குருகிராமிலும் கிடைக்கும்.

இவ்வழியில் செல்ல நினைக்கும் நம் மாணவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க உரிமை பெற்ற நிறுவனங்களும் படிப்புகளும் அரசுப் பதிவேட்டில் இருக்கும். அதில் பெயர் இல்லையெனில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கனடாவில் நிறுவனம் அங்கீகாரம் பெற்றிருப்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்தப் படிப்புக்குப் பணி அனுமதி உண்டா என்று தனியே பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. கல்வி ஆலோசகர்கள் அதன் வலைக்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவே கொடுக்கும் பணத்துக்கு எழுத்துவழி ரசீதும் ஒப்பந்தமும் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்றும், காவல்துறையில் மோசடி என்றும் இரு முனையிலும் செல்ல அவையே ஆதாரம். கல்விக்கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மாணவர் அமைப்புகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குக் கடந்த பத்தாண்டுகளில் மாநிலவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை இடங்கள் நிரப்பப்படவில்லை, தொழில்நுட்ப டிப்ளமாக்களைச் சேர்ப்பது குறித்து அமைச்சகத்தில் ஏதேனும் கோப்பு உள்ளதா என்று சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.